எட்டு வாய் பீர்

மூன்றாம் ஓலைக்கு மூன்று நாள் இருக்கும்போது டீனா எட்டு வகை பீர் குடித்தாள். இப்படிச் சொன்னால் தங்கவயல் கோரமண்டலில் பாதிப்பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள், மீதிப்பேர் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஆனால் நடந்தது அதுதான், மெழுகிச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. எட்டு கிளாஸ் அல்ல, எட்டு வாய். எட்டையும் சேர்த்து ஊற்றினாலும் ஒரு தண்ணீர் டம்ளர் தளும்பாது. அந்த எட்டு வாயையும் அவள் தன் கல்யாணத்துக்காகத்தான் குடித்தாள் என்றால் யார் நம்புவார்கள்? நம்ப வேண்டியவர்களே நம்பவில்லை.

ஓலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சபையில் ஒரு கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில் போதகர் எழுந்து நிற்பார். போதகரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள். இன்னாருடைய குமாரனுக்கும் இன்னாருடைய குமாரத்திக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்லக் காரணம் உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்று ஒரு புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார். அதுதான் ஓலை. வாசித்து முடித்ததும் கோயிலில் ஒரு கணம் சத்தமே இருக்காது. அந்த ஒரு கணத்தில் பெண்ணைப் பெற்றவளுக்கு உயிர் போய் உயிர் வரும். யாரும் எழுந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சொல்லிக்கொள்வார்கள்.

டீனாவுக்கு இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்திருந்தது. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அப்பா கனரகத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து, ரிட்டயரான மறு வருடமே போய்ச் சேர்ந்தார். அம்மாவும் அவளும் கோரமண்டலில் ஒரு பழைய சுரங்க லைன் வீட்டில் இருந்தார்கள். முன்னால் வந்த இரண்டு வரன்களும் காபி குடித்து, மிக்சர் கொறித்து, "பொண்ணு எங்க வேல செய்து?" என்று கேட்டு, பதிலைக் கேட்டபின் திரும்பி வரவில்லை. பெங்களூரில் ஓட்டல் வேலை என்பதுதான் பதில். என்ன ஓட்டல் என்று முழுசாகச் சொல்லியிருந்தால் அந்த மிக்சர்கூட உள்ளே போயிருக்காது.

வைட்ஃபீல்டில் மூன்று மாடிக் கட்டடம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆள் உயர ஸ்டீல் டேங்குகள் வரிசையாக நிற்கும். பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்கிற இடம். டீனா இரண்டரை வருடமாக அங்கே பரிமாறுகிறாள். காலை ரயில் வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்பிவிடுவாள். வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை. வைக்காமலே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோனது, ஏனென்றால் ஆண்டவர் அவளுக்கு அப்படி ஒரு மூக்கைக் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டில் பால் திரிந்தால் இவள் தன் வீட்டிலிருந்து சொல்வாள். பீர் காய்ச்சுகிற மஞ்சுநாத், மாலூர்க்காரன், இதைக் கண்டுகொண்டபின் ஒவ்வொரு டேங்கையும் திறப்பதற்கு முன்னால் ஒரு கிளாஸில் பிடித்து அவள் மூக்குக்கு நேராக நீட்டுவான். வெண்ணெய் வாசனை வருகிறது என்று அவள் சொன்னால், இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும் என்று மூடிவிடுவான். மெஷினைவிட அவன் அவளைத்தான் நம்பினான்.

மாப்பிள்ளை டென்சிலை அவள் பிடித்ததும் இந்த மூக்கால்தான். மாலை மாரிகுப்பம் வண்டியில் அவன் எதிர் சீட். கம்பெனிக் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், முப்பத்தைந்து வயது. சுரங்கக் கூண்டைக் கேஜ் என்று சொல்லிப் பழகிய தங்கவயலில் இந்த வேலைக்காரனை யாரும் சும்மா விடமாட்டார்கள். "தாத்தா கேஜுல ஆள கீழ எறக்கனாரு, பேரன் மேல ஏத்தறான்" என்று வண்டியே கேலி பண்ணும். அவனும் கூடச் சிரிப்பான். ஒரு நாள் மாலை அவன் புதினா மிட்டாயை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

"ஸ்ட்ராங் பீரு," என்றாள் டீனா, ஜன்னலைப் பார்த்தபடி. "டின்னு. அதுவும் பிரிட்ஜ்ல வெக்காத டின்னு."

அவன் மிட்டாயை அப்படியே விழுங்கிவிட்டான். "நீங்க இன்னா, போலீசா?"

"இல்ல. ஊத்திக் குடுக்கறவ."

அப்படி ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் ஓட்டல் என்று சொன்னவள் அவனிடம் மட்டும் முதல் பேச்சிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள். அவன் முகம் சுளிக்கவில்லை. அப்புறம் என்ன, ஏழு மாதம் வைட்ஃபீல்டிலிருந்து பங்காருபேட்டை வரைக்கும் பாடம்தான். மற்ற ஜோடிகள் எதை எதையோ பேசி நெருங்குவார்கள், இவர்கள் பீரைப் பேசி நெருங்கினார்கள்.

"மொத்தத்துல ரெண்டே சாதிதான்," என்பாள் அவள். "ஏலு, லாகரு. ஈஸ்ட்டு மேல மெதந்துகினு, சூட்டுல, சுருக்கா வேலய முடிச்சா ஏலு. அடியில எறங்கி, குளுர்ல, வாரக்கணக்கா மெதுவா செஞ்சா லாகரு."

"அப்ப ஒண்ணு சர்ஃபேஸு, ஒண்ணு அண்டர்கிரவுண்டு."

"அதேதான்."

மனிதர்களையே மேலே வேலை செய்தவன், கீழே இறங்கியவன் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்த ஊருக்கு இதைவிடத் தெளிவாக யார் விளக்க முடியும்?

கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், ஆனால் இரண்டையும் யாரும் போடுவதில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை என்பாள். பெல்ஜியம் பாணி என்றால் அதில் நிஜமாகவே ஆரஞ்சுத் தோலும் தனியாவும் விழும். "தனியாவா? கொழம்பா வெக்கிறாங்க?" என்று அவன் சிரிப்பான். ஐ.பி.ஏ. என்பது ஹாப்ஸ் பூவை அள்ளிக் கொட்டியது, வேப்பம்பூ ரசத்துக்கு அண்ணன். ஸ்டவுட் கருப்பு, தீய வறுத்த பார்லியின் காபி வாசனை. "கருப்பா இருந்தா தூக்கும்னு நெனச்சிகினு கீறாங்க. சுத்தத் தப்பு. நெறய ஸ்டவுட்டுல போத உங்க டின்னுல பாதி கூட இல்ல. உங்களுது பாக்கத்தான் வெளுப்பு. உள்ள சக்கர, சாராய நெடி, வேற ஒண்ணும் கெடையாது."

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வான், வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். மறுநாள் மாலை அதே டின்தான் மணக்கும். சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு. டீனாவுக்கு அது பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆசை வந்துவிட்டால் பயமெல்லாம் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கட்டிக்கொண்டால் குறைப்பான் என்று நினைத்தாள். இந்த நினைப்போடு கழுத்தை நீட்டிய பெண்களை வரிசையாக நிற்க வைத்தால் மாரிகுப்பத்திலிருந்து பங்காருபேட்டை வரைக்கும் நிற்பார்கள்.

டென்சிலின் அப்பா ஏசுபாதம் சபைச் செயலர். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடிக்காத கை. மதுவிலக்கு ஞாயிறு வந்தால் வேதபாடத்தை அவர்தான் வாசிப்பார். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் பாட்டில் நுழைந்ததில்லை என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியம். அதில் பொய்யில்லை. டென்சில் குடித்தது டின்.

"அப்பா கிட்ட இப்ப ஓட்டல் ரிசப்ஷன்ல வேலன்னு சொல்லிடலாம்," என்றான் டென்சில். "கல்யாணம் முடியட்டும். அப்பால நான் பாத்துக்கறேன்." அந்தப் பொய் அவன் கட்டிக் கொடுத்தது, டீனா தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஏசுபாதம் ரிசப்ஷன் வேலைக்குச் சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு. "நைட்டு ஷிப்ட்டு கூடாது. எட்டரைக்குள்ள மருமவ வூட்ல இருக்கணும்."

நிச்சயம் முடிந்தது. முதல் ஓலை வாசித்த நாளிலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே பெட்டியில் வரக்கூடாது என்பது இந்த வண்டிக்காரர்களின் எழுதாத சட்டம். ஏழு மாதம் எதிரெதிரே உட்கார்ந்து வந்தவர்கள், ஊரறிய உறவானதும் பிரிந்து உட்கார வேண்டும். டீனா லேடீஸ் பெட்டிக்கு மாறினாள்.

அந்த வாரம்தான் வேலையிடத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்றாம் மாடி இரவிலும் திறக்கப்போகிறது. எல்லாரும் முறை வைத்து நைட் ஷிப்ட் பார்க்க வேண்டும். ருசிப் பரீட்சையில் முதலில் வருகிற ஒருவர் மட்டும் புதியவர்களுக்குப் பீர் வகைகளைச் சொல்லிக்கொடுக்கலாம், அவருக்கு எப்போதும் பகல் ஷிப்ட். டீனா அதை மூன்று முறை படித்தாள். எட்டரைக்குள் வீடு என்கிற வாக்கு அந்தப் பரீட்சையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் ஓலையும் முடிந்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு மஞ்சுநாத் எட்டுச் சின்ன கிளாஸ்களை வரிசையாக வைத்தான். பெயர் கிடையாது, நம்பர் மட்டும். மேனேஜர் கைகட்டி நின்றார்.

"நான் மோந்தே சொல்லிடுவேன்," என்றாள் டீனா.

"சொல்லுவே, எனக்குத் தெரியும்," என்றான் மஞ்சுநாத், தங்கவயல்காரர்களோடு பழகிக் கற்ற தமிழில். "ஆனா கசப்பு மூக்குல வராதும்மா. ஒயினு துப்பலாம். பீரு முழுங்கணும். தொண்டைக்குள்ள எறங்கறப்பதான் கசப்பு எவ்ளோன்னு முழுசா தெரியும். ரூல்ஸு அதான்."

அவள் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு மாடிப்படிக்குப் போய் டென்சிலுக்கு போன் போட்டாள். "குடிச்சே ஆகணுங்கறாங்க. இன்னா பண்ணட்டும்?"

"ஒரு ஒரு வாய்தான? குடி. பாஸ் பண்ணு," என்றான் அவன். "நைட்டு ஷிப்ட்டுன்னு தெரிஞ்சா எங்க அப்பா கதயவே முடிச்சிடுவாரு. ஏலக்கா மென்னுட்டு வண்டி ஏறு, போதும்."

அவள் குடித்தாள். வாழ்க்கையில் முதல் முறை. பில்ஸ்னர் என்கிற லாகர் வாயைக் கழுவி விட்டதுபோல் போனது. கோதுமை பீர் வழவழத்தது. ஐ.பி.ஏ. தொண்டையில் இறங்கியதும் மஞ்சுநாத் சொன்னதன் அர்த்தம் புரிந்தது, கசப்பு அடியிலிருந்து எழுந்து வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை, ஸ்டவுட்டைத் தவிர. அது பிடித்தது. பிடித்துவிட்டதே என்று திகிலாகி, கிளாஸை அவசரமாக வைத்ததில் இரண்டு சொட்டு துப்பட்டாவில் தெறித்தது. எட்டாவது கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே சிரிப்பு வந்துவிட்டது. கடையில் வாங்கிய சாதாரண ஸ்ட்ராங் டின், வெயிலில் கிடந்து கெட்டது, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. பரீட்சை எழுதுகிறவர்களை ஏமாற்ற வைத்த கிளாஸ் அது. அவளுக்கு அது ஏழு மாதத்துப் பழக்கம். குடிக்காமலே எழுதியிருக்கலாம், ஆனாலும் குடித்தாள். டென்சில் இதில் என்னதான் காண்கிறான் என்று தெரிந்துகொள்ள ஆசை.

மாலை வண்டியில் லேடீஸ் பெட்டியில் தினமும் ஒரு ஜெபக்கூட்டம் நடக்கும். மாலூர் தாண்டியதும் தங்கவயல் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு பக்கம் கூடுவார்கள். இரண்டு பாட்டு, ஒரு வசனம், யாருக்காவது பிறந்தநாளோ ஆப்பரேஷனோ இருந்தால் அவருக்காக ஜெபம். நடத்துவது லதா. பள்ளிக்கூட ஆபீஸில் வேலை செய்கிறவள், சபைப் பெண்கள் சங்கத்தின் தலைவி, கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. டீனா அன்று ஏலக்காயை மென்றபடி கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

"இன்னாடி அங்கியே நின்னுட்ட, வா," என்று லதா கையைப் பிடித்து இழுத்தாள். "ஞாயித்துக்கெழம மூணாவது ஓல. இன்னிக்கு ஒனக்குத்தான் ஜெபம்."

தலைவலி என்று சொல்லியிருக்கலாம். தன் கல்யாணத்துக்காகச் செய்கிற ஜெபத்தை வேண்டாமென்று எந்தப் பெண் சொல்வாள்? நடுவில் உட்கார வைத்தார்கள். தலையில், தோளில், முதுகில் கைகள். லதா உருக்கமாக ஜெபித்தாள், அவளுடைய கண்ணீர் டீனாவின் நெற்றியில் விழுந்தது. முறைப்படி யாருக்காக ஜெபமோ அவர்தான் கடைசியில் நாலு வார்த்தை சொல்லி முடிக்க வேண்டும். எல்லாத் தலைகளும் நெருங்கிக் குனிந்திருந்தன. டீனா வாயைத் திறந்தாள்.

"ஸ்தோத்திரம் அப்பா. எங்க ரெண்டு பேரயும் சேத்து வெச்சதுக்கு ஸ்தோத்திரம்..."

தலைமேல் இருந்த லதாவின் கை விறைத்தது. அப்புறம் மெல்ல எடுபட்டது. ஆமென் சொன்னபின் யாரும் மறுபாட்டு எடுக்கவில்லை. லதா ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, பைபிளைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வோம். இவள் குடித்தது பால் இல்லையே.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. எட்டுக்கு எட்டு. மஞ்சுநாத் எல்லார் முன்னாலும் கைதட்டினான், மேனேஜர் பகல் ஷிப்ட் கடிதத்தைக் கையிலேயே கொடுத்தார். டீனா அதை டென்சிலுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். அவன் ஒரு கட்டைவிரல் போட்டான். அன்றைக்கு முழுவதும் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் ஐயர் போன் செய்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஐந்து மணிக்கு வெஸ்ட்ரிக்கு வரச் சொன்னார்.

வெஸ்ட்ரி என்பது கோயிலை ஒட்டின சின்ன அறை. அங்கி மாட்டும் ஆணி, ஒரு மேஜை, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. ஏசுபாதம் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டென்சில். ஓரத்தில் கைக்குட்டையோடு லதா. மேஜைமேல் ஓலைப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள், டீனாதான் பிடித்து உட்கார வைத்தாள்.

ஐயர் நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை. "டீனாம்மா, ஒரு விஷயம் காதுக்கு வந்துச்சு. பொய்யா இருந்தா என்னவிட சந்தோஷப்படறவன் இல்ல. வியாழக்கெழம வண்டியில வரும்போது நீ குடிச்சிருந்தியா?"

"ஆமாங்கய்யா. எட்டு வாய்."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். டீனா எல்லாவற்றையும் சொன்னாள். பீர் காய்ச்சுகிற இடம், பரிமாறுகிற வேலை, பரீட்சை, முழுங்கியே ஆகவேண்டும் என்கிற சட்டம். "பாஸாவலன்னா நைட்டு ஷிப்ட்டு போட்ருவாங்க. எட்டரைக்குள்ள வூட்ல இருக்கணும்னு மாமா சொன்னாங்க. அதுக்கோசரம்தான் குடிச்சேன்."

"எனக்கோசரமா நீ குடிச்ச?" என்றார் ஏசுபாதம். யாரும் சிரிக்கவில்லை.

ஐயர் டென்சில் பக்கம் திரும்பினார். "ஒனக்கு இதெல்லாம் தெரியுமாப்பா?"

டீனாவின் கண்ணெல்லாம் அவன் வாயில்தான் இருந்தது. தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்யாணம் நின்றால்கூடப் பரவாயில்லை, பழியை முழுசாகத் தானே வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தக் கணத்தில் நிஜமாகவே நினைத்தாள். அவ்வளவு நம்பிக்கை.

"ரிசப்ஷன்னுதான் சொல்லிகினு இருந்தாங்க," என்றான் டென்சில். ஏழு மாதமாக நீ, வா, போ என்றவனுக்கு அவள் ஒரு நிமிடத்தில் மரியாதைக்குரியவளாகிவிட்டாள்.

"எம் பையன் அந்தச் சனியன ஒரு சொட்டு தொட்டதில்லீங்கய்யா," என்றார் ஏசுபாதம். "அப்படி ஒரு வூட்டுக்கு ஊத்திக் குடுக்கறவ மருமவளா? சொல்லுடா. பைபிளத் தொட்டுச் சொல்லு."

"சத்தியமெல்லாம் வேணாம், வேதமே அத வேணான்னுதான் சொல்லுது," என்று ஐயர் தடுத்தார்.

"இல்லீங்கய்யா," என்றான் டென்சில், ஐயர் பக்கம் குனிந்து, நன்றாக வாயைத் திறந்து. "நான் தொடறதில்ல."

இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த டீனாவுக்கு வாசனை வந்தது. அவள் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சு வெந்துபோயிருந்தது, வெந்த நெஞ்சுக்கு நாக்கு அடங்குமா?

"ரெண்டு டின்னு," என்றாள். "ஸ்ட்ராங்கு. வெயில்ல கெடந்தது, நனஞ்ச அட்ட வாசன வருது. ரெண்டு மணிக்கு மேல குடிச்சிருக்கீங்க. மேல புதினாவ போட்டுகினு வந்திருக்கீங்க. இல்லன்னு சொல்லுங்க டென்சில்."

டென்சில் தரையைப் பார்த்தான். ஐயர் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் மூக்கு இருந்தது, லதாவுக்கும் இருந்தது. வியாழக்கிழமை எட்டு வாயைக் கண்டுபிடித்த மூக்கு சனிக்கிழமை இரண்டு டின்னுக்கு அடைத்துக்கொண்டதா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ஏசுபாதம் மகன் பக்கம் திரும்பவே இல்லை. "ஆம்பள பசங்க, பிரெண்ட்ஸோட எங்கியாவது... அது வேற பேச்சு, அத நான் வூட்ல கேட்டுக்கறேன்," என்றார். "ஐயா, நீங்களே சொல்லுங்க. குடிச்சவன் வாயில வாசன வரும், அது எல்லாருக்கும் தெரியும். டின்னா பாட்டிலா, ஒண்ணா ரெண்டா, வெயில்ல இருந்ததா நெழல்ல இருந்ததா, எத்தினி மணிக்குக் குடிச்சதுன்னு மூச்ச வெச்சே சொல்றா. அப்படீன்னா இவ எத்தினி வருசமா, எத்தினி குடிச்சிருக்கணும்?"

அறை அப்படியே டீனா பக்கம் திரும்பியது. அவன் பொய்யை உடைக்க அவள் எடுத்து வைத்த ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. குடித்தவன் தப்பித்துக்கொண்டான், குடித்ததைத் தெரிந்துகொண்டவள் மாட்டிக்கொண்டாள்.

"மோந்து பாத்தே கத்துகினதுங்கய்யா," என்றாள். சொல்லும்போதே அது அவள் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

"மோந்து பாத்தா இவ்ளோ தெரியும்?" என்றாள் லதா அழுகையோடு. "எங்க வூட்டுக்காரரு இருவது வருசமா குடிக்கறாரு, அவருக்கே இதெல்லாம் தெரியாதேடி."

பிறகு ஐயர் ஓலைப் புத்தகத்தைத் திறந்தார். இரண்டு முறை வாசித்த ஓலையை நிறுத்தினால் காரணம் எழுத வேண்டும், காரணத்தை நாளைக்குச் சபையில் வாசிக்கவும் வேண்டும் என்றார். "இருதரப்புச் சம்மதத்தோடன்னு எழுதிக்கலாம். பொண்ணுக்கு அதான் நல்லது. அம்மா, நீங்க இன்னா சொல்றீங்க?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். டென்சில் முதலில் கையெழுத்துப் போட்டான், பெயரைக்கூட முழுசாக எழுதாமல், ஓட வேண்டியவன்போல. டீனா அந்த வரியைப் படித்தாள். இருதரப்புச் சம்மதத்துடன். அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. போடாவிட்டால் நாளைக் காலை நானூறு பேர் முன்னால் 'பெண் மதுபானம் அருந்துபவர்' என்று ஐயர் நல்ல குரலில் வாசிப்பார், கேட்டுக்கொண்டு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். டீனா கையெழுத்துப் போட்டாள்.

வெளியே படியிறங்கும்போது டென்சில் பின்னாலேயே வந்தான். அப்பா உள்ளே ஐயரோடு பேசிக்கொண்டிருந்த தைரியம். "டீனா, அப்பா முன்னாடி நான் வேற இன்னா சொல்ல முடியும்? நீயே சொல்லு. நீ எதுக்கு அதெல்லாம் எடுத்த? சும்மா இருந்திருந்தா மெதுவா நான் சரிபண்ணியிருப்பேன் இல்ல?"

அவன் கண் கலங்கியிருந்தது நிஜம். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். ஸ்டேஷன் வரை வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும், "இன்னாம்மா, நாளைக்கி மூணாவது ஓலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் ஆமாம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விளக்குப் போடவில்லை. சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று டீனா காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பையன் குடிக்கிறது ஒனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள் அம்மா.

"மொத நாள்லேர்ந்து."

"தெரிஞ்சுதான் கட்டிக்க இருந்தியா?"

"ஆமா."

பக்கத்து வீட்டு டி.வி.யில் யாரோ சிரித்தார்கள்.

"இப்ப அவன் வந்து கூப்ட்டா?" என்றாள் அம்மா.

டீனா துப்பட்டாவை முகத்தில் போட்டு அழுத்திக்கொண்டாள். எவ்வளவு அழுத்தியும் அழுகை நிற்கவில்லை. இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படிச் சொல்ல அவளால் முடியவில்லை, அதுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

"போவேம்மா," என்றாள்.